இராயபுரத்துக் குரலும் லண்டன் பட்டியலும்

பரிசு பெறுகிறவருடைய முகத்தைக் காட்டிலும் அவருடைய ரசிகர்களின் முகத்தைப் பார்ப்பதுதான் நமக்கு எப்போதும் சுவாரஸ்யமாக இருக்கிறது. பெற்றவர் அடக்கமாகச் சிரித்து, நாலு பேருக்கு நன்றி கூறிவிட்டு மேடையை விட்டு இறங்கிவிடுகிறார். ரசிகர் அவ்வளவு சுலபத்தில் இறங்குவதில்லை. பாட்டனார் சொத்து வழக்கில் ஜெயம் கிடைத்ததுபோல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தெருவில் நடக்கிறார். பரிசு கிடைக்காமற் போனாலோ, நீதிபதிகளுக்குக் காதே கிடையாது என்று அந்தக் கணத்திலேயே தீர்ப்பளித்து விடுகிறார்.

2009-ஆம் வருஷம் பிப்ரவரி 22-ந் தேதி இரவு லாஸ் ஏஞ்செல்ஸ் நகரில் ஆஸ்கார் வைபவம் நடந்தபோது, நமக்கு இங்கே திங்கட்கிழமைக் காலை. ஏ. ஆர். ரஹ்மான் இரண்டு பதுமைகளைப் பெற்றுக்கொண்டு, "எல்லாப் புகழும் இறைவனுக்கே" என்று அந்தச் சபையிலே தமிழில் சொன்னார். அந்தப் படத்தின் கதையை மறந்தவர்கள் உண்டு. எந்தெந்தப் பிரிவில் பரிசு என்பதை மறந்தவர்கள் அதைவிட அதிகம். அந்த ஒரு வாக்கியத்தை மறந்த தமிழரை நாம் இன்னும் சந்திக்கவில்லை. ரசிகர் கேட்பது பதுமையை அல்ல. அந்த மேடையிலே தம்முடைய குரல் ஒரு விநாடியாவது ஒலிக்க வேண்டும் என்பதைத்தான்.

நாம் இங்கே சொல்ல வந்த பரிசு அத்தனை ஆடம்பரமானதன்று. அதற்கு மேடை இல்லை, சிவப்புக் கம்பளம் இல்லை, கையில் வாங்கிக்கொள்ளப் பதுமையும் இல்லை. 2020-ஆம் வருஷம் நவம்பர் 23-ந் தேதி லண்டன் பி.பி.சி. நிறுவனம், அந்த ஆண்டின் நூறு பெண்மணிகள் என்று ஒரு பட்டியல் வெளியிட்டது. பின்லாந்து தேசத்துப் பிரதம மந்திரி ஸன்னா மரின் அதில் இருந்தார். ஆக்ஸ்போர்டில் தடுப்பூசிக்காக உழைத்த விஞ்ஞானி ஸாரா கில்பர்ட் இருந்தார். இந்தியாவிலிருந்து நால்வர்: டில்லி ஷாஹீன் பாக் போராட்டத்தில் குளிரிலே அமர்ந்திருந்த 82 வயதுப் பாட்டியார் பில்கிஸ்; பாரா பாட்மிண்டன் வீராங்கனை மானஸி ஜோஷி; ஹரித்துவாரத்தைச் சேர்ந்த சிறுமி ரிதிமா பாண்டே; நாலாமவர் நம்முடைய இராயபுரத்தில் பிறந்த கானாப் பாடகி இசைவாணி.

நூறு இடங்களில் ஓரிடத்தை வேண்டுமென்றே காலியாக விட்டிருந்தார்கள். அவ்வாண்டில் பிறருக்காகத் தியாகம் செய்த, பெயர் தெரியாத பெண்களுக்கு அது வணக்கமாம். பட்டியல் தயாரித்தவர்களின் மற்ற தேர்வுகளைப் பற்றி யாருக்கு என்ன அபிப்பிராயமிருந்தாலும், அந்த வெற்றிடத்துக்காக அவர்களைப் பாராட்டத்தான் வேண்டும்.

செய்தி வந்த சமயத்தையும் நேயர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். வங்கக் கடலில் நிவர் புயல் உருவாகிக் கொண்டிருந்தது. காசிமேட்டில் படகுகளை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டு நாள் கழித்து, 25-ந் தேதி நள்ளிரவை ஒட்டி, அது புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. அதற்கு முன்பே அந்த வருஷம் இந்தப் பேட்டைக்குப் பொல்லாத வருஷமாகிவிட்டது. மே, ஜூன் மாதங்களில் கொரோனா நோய்க் கணக்கை மாநகராட்சி மண்டலவாரியாக வெளியிட்டபோது, இராயபுரம் மண்டலமே முன்னால் நின்றது. பள்ளிக்கூடங்கள் கைப்பேசிக்குள் நடந்து கொண்டிருந்தன. அந்த வாரம் நாம் புயலைப் பற்றி ஒரு பக்கம் எழுதி அனுப்பும்படி பிள்ளைகளுக்குச் சொல்லியிருந்தோம். ஒரு பெண் கட்டுரை எழுதவில்லை. புயலைக் கானாவாகக் கட்டி, தானே பாடி, ஒலிப்பதிவாக அனுப்பிவிட்டாள். பின்னணியிலே யாரோ எவர்சில்வர் குடத்தில் தாளம் போடுவது கேட்டது. மதிப்பெண் எந்தக் கணக்கில் கொடுப்பது என்று சிறிது நேரம் யோசித்தோம்.

கானா என்றால் என்ன என்று தென்சென்னை நேயர்கள் கேட்கக் கூடும். சினிமாவில் கேட்டிருப்பார்கள். 1990-ஆம் ஆண்டுகளில் இசையமைப்பாளர் தேவா அதைத் திரைக்குப் பழக்கப்படுத்தினார். 2006-இல் வந்த 'சித்திரம் பேசுதடி' படத்தில் கானா உலகநாதன் பாடிய மீன் கல்யாணப் பாட்டு தமிழ்நாட்டுக் குழந்தைகளுக்கெல்லாம் மனப்பாடமாயிற்று. பிறகு கானா பாலா வந்தார். ஆனால் சினிமா அதைப் பெரும்பாலும் குடிகாரனுக்கும் கோமாளிக்குமே கொடுத்தது. அதன் சொந்த வீடு வேறு. சாவு வீடுதான் அது. வெளியூரிலிருந்து உறவினர் வந்து சேரும்வரை பிணத்தை வைத்துக் காத்திருக்கும் இரவிலே, இறந்தவனுடைய சிநேகிதர்கள் தெருவில் பந்தலுக்கடியில் உட்கார்ந்து விடிய விடியப் பாடுவது. மேளம் இருந்தால் மேளம். இல்லாவிட்டால் மேஜைப் பலகை, தீப்பெட்டி, எது கையில் அகப்படுகிறதோ அது. இறந்தவன் எந்தப் படகில் போனான், எந்த ஆலையில் வேலை பார்த்தான், யாரிடம் கடன் பட்டான், யாரை நேசித்தான், எல்லாம் பாட்டிலே வரும். நடுநடுவே, காயமே பொய் என்ற வேதாந்தமும் வரும்.

அந்த வேதாந்தத்துக்கு இந்த மண்ணிலே வேர் இருக்கிறது. பட்டினத்தடிகளின் சமாதி திருவொற்றியூரில் கடலைப் பார்த்தபடி இருக்கிறது. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் குணங்குடி மஸ்தான் சாகிபு தொண்டியிலிருந்து வந்து இந்த வட்டாரத்திலேதான் வாழ்ந்து மறைந்தார். கானாப் பாடுகிறவர்களில் பலர் இவ்விருவரையும் தங்கள் பாட்டன்மார் வரிசையிலே வைத்துப் பேசுவதுண்டு.

இன்னொரு சங்கீத வம்சாவளியும் இந்தப் பக்கத்திற்கு உண்டு. அதை மாம்பலமும் மயிலாப்பூரும் மறந்துவிட்டன. இன்று எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைக்குப் பெயர் பெற்ற மணலி, முத்துஸ்வாமி தீக்ஷிதர் இளமையில் தந்தையாரோடு வாழ்ந்த ஊர். மணலி முதலியார்கள் அந்தக் குடும்பத்தை ஆதரித்தார்கள். ஜார்ஜ் கோட்டையில் வெள்ளைக்காரர்களின் பாண்டு வாத்தியத்தைக் கேட்கச் செய்தார்கள். தீக்ஷிதர் அந்த மெட்டுகளுக்கு ஸம்ஸ்கிருதத்தில் ஸாஹித்யம் அமைத்தார்; 'நோட்டு ஸ்வரம்' என்று அவை பெயர் பெற்றன. பிரிட்டிஷ் ராஜாவுக்கு ஆயுள் வேண்டும் கீதத்தின் மெட்டுக்கூட அவற்றில் ஒன்று. தம்பி பாலுஸ்வாமி தீக்ஷிதர் ஐரோப்பியரிடம் பிடில் கற்றதும் அதே ஆதரவில்தான். தியாகராஜ ஸ்வாமிகள் சென்னைக்கு வந்தபோது திருவொற்றியூர் அம்மன்மீது ஐந்து கீர்த்தனங்கள் பாடினார். ஆக, அந்நிய தேசத்து வாத்தியமும் நம் பாட்டும் கைகோத்துக் கொள்வது என்பது இந்தக் கடற்கரைக்குப் புதிதே அல்ல. இருநூறு வருஷப் பழக்கம்.

புதிய பழக்கம் 2018-ஆம் வருஷம் ஜனவரி 6-ந் தேதி மாலை கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளி மைதானத்தில் தொடங்கியது. 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்ற கோஷ்டியின் முதல் கச்சேரி அது. சினிமா டைரக்டர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும், சங்கீதக்காரர் டென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் சேர்ந்து அதை உண்டாக்கின. பெயர் இங்கிலீஷானாலும் பொருள் தமிழ். 'ஒரு பைசாத் தமிழன்' பத்திரிகையை 1907-இல் தொடங்கிய அயோத்திதாஸ பண்டிதர் வழங்கிய 'சாதி பேதமற்ற' என்ற சொல்லாட்சியிலிருந்து எடுத்தது. பத்தொன்பது பேர் ஒரே மாதிரி சூட்டு அணிந்து நின்றார்கள். ராக் கோஷ்டிக்குரிய கிதாரும் டிரம்ஸும் ஒரு பக்கம். சட்டியும் பறையும் கட்ட மோளமும் மறுபக்கம். பத்தொன்பது பேரில் பெண் ஒருவர்தான். அவர்தான் இசைவாணி. தகப்பனாரும் சங்கீதக்காரர், சிறு வயது முதல் அவருடன் மேடையேறி சினிமாப் பாட்டுப் பாடிப் பழகியவர்.

இதிலே ஒரு விஷயத்தை நாம் சற்று நின்று கவனிக்க வேண்டும். சாவு வீட்டிலே பெண்கள் பாடாமலா இருக்கிறார்கள்? ஒப்பாரி முழுக்க முழுக்க அவர்களுடையது. வீட்டுக்குள்ளே, பிணத்தைச் சுற்றி, தலைவிரி கோலமாக, சிருஷ்டி செய்துகொண்டே பாடுவது. அது அழுகை என்று பெயர் பெற்றது. வாசலிலே ஆண்கள் பாடுவது மட்டும் பாட்டு என்று பெயர் பெற்றது. வாசற்பாட்டுக்கு ஒலிபெருக்கி வந்தது, ஒலிநாடா வந்தது, சினிமா வந்தது. உள்ளேயிருந்த பாட்டு உள்ளேயே நின்றுவிட்டது. இசைவாணி செய்த காரியம், அந்த வாசற்படியைத் தாண்டியதுதான். கோட்டு அணிந்து, மைக்கைப் பிடித்து, ஆண்களோடு சரிசமமாகக் கானாவைப் பாடினார். பி.பி.சி. அவரைத் தேர்ந்ததற்குக் கூறிய காரணமும் ஏறக்குறைய அதுவே: ஆண்களின் கோட்டையாயிருந்த கலையில் அவர் இடம் பிடித்ததால் மற்ற இளம் பெண்களும் முன்வருகிறார்கள் என்பது.

பேட்டையில் சந்தோஷம் எப்படியிருந்தது? சந்தேகமில்லாமல் பெரிதாகத்தான் இருந்தது; ஆனால் ஒரே வகையாக இல்லை. "நம்ம பேட்டைப் பொண்ணு" என்று சொல்லிச் சொல்லி மகிழ்ந்தவர்கள் ஒரு சாரார். பரிசுக்கு எத்தனை லட்சம் ரூபாய் என்று விசாரித்து, பணமே கிடையாது என்று அறிந்ததும் லண்டன்காரர்களின் கருமித்தனத்தை வியந்தவர்கள் மற்றொரு சாரார். மீன் கூடையோடு நின்ற ஓர் அம்மாள், பாடின பெண்ணுக்கு இப்போது சபாவிலே பாட இடம் கொடுப்பார்களா என்று மட்டும் கேட்டார். இசை தெரிந்த இளைஞர்களுக்கோ ஒரு மனக்குறை இருந்தது. பத்தொன்பது பேர் சேர்ந்து எழுப்பிய ஓசையில் ஒருவரை மட்டும் எடுத்துப் பட்டியலில் வைத்தால், சட்டி அடித்தவன் எங்கே போவான் என்பது அவர்கள் கேள்வி. அது பெண்களைப் பற்றிய பட்டியல் என்று நாம் சமாதானம் கூறினோம். அவர்கள் ஒப்புக்கொண்டார்கள், ஆனால் முகம் மலரவில்லை.

அவர்களுடைய குறை வெறும் பொறாமை அன்று என்பதை இரண்டு வருஷத்துக்குள்ளே ஊரார் எல்லோரும் பார்த்தார்கள். அதே கோஷ்டியில் பாடியும் எழுதியும் பெயர் பெற்றவர் அரக்கோணத்து அறிவு. 2021-ஆம் வருஷம் மார்ச்சில் வெளிவந்த 'எஞ்சாய் எஞ்சாமி' பாட்டு, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த அவருடைய பாட்டியார் வள்ளியம்மாளின் நினைவிலே பிறந்தது. 2022 ஜூலை 28-ந் தேதி சென்னை நேரு விளையாட்டரங்கில் சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில், உலக நாடுகளின் விளையாட்டு வீரர்கள் முன்னிலையில் அந்தப் பாட்டு ஒலித்தது. தீ பாடினார், கிடாக்குழி மாரியம்மாள் உடன் பாடினார். அறிவு மேடையில் இல்லை, அமெரிக்காவில் இருந்தார். சில நாட்களில் அவர் ஓர் அறிக்கை விட்டார். இசையமைத்த சந்தோஷ் நாராயணனும் தீயும் தங்கள் தரப்பைக் கூறினார்கள். பாட்டு யாருடையது என்று ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடினார்கள். அதற்குத் தீர்ப்புச் சொல்லும் தகுதி நமக்கில்லை. பாட்டைக் கொண்டாடிய அந்த இரவில், பாட்டுக்குரியவர்களின் பெயரை எப்படி வரிசைப்படுத்துவது என்ற கேள்வியும் உடன் பிறந்தது என்பதே நாம் கவனித்தது.

வடசென்னை ரசிகர்கள்தாம் இப்படிச் சச்சரவு செய்வார்கள் என்று யாரும் எண்ண வேண்டாம். தேனாம்பேட்டை வாசிகள் இன்னும் உஷ்ணமாகச் சண்டை போடக் கூடியவர்கள். 1927-இல் சென்னையில் காங்கிரஸ் மகாசபை கூடியபோது நடந்த சங்கீத மகாநாட்டின் பயனாக, 1928-இல் பிறந்தது மியூஸிக் அகாடமி. 2024 மார்ச்சில் அது டி. எம். கிருஷ்ணாவைச் சங்கீத கலாநிதி பட்டத்துக்குத் தேர்ந்தது. உடனே சில வித்வான்கள் அவ்வருஷம் அங்கே பாடமாட்டோம் என்றார்கள். ஒருவர் தாம் முன்பு பெற்ற பட்டத்தையே திருப்பினார். அகாடமி அசையவில்லை. 2025 ஜனவரி 1-ந் தேதி பட்டம் வழங்கப்பட்டது. இதே கிருஷ்ணாதான் 2017 ஜனவரியில் எண்ணூர்க் கழிமுகத்திலே நின்று, சாம்பலும் ஆலைக் கழிவும் நிறைந்த அந்த நீரைப் பற்றி, சென்னைப் பேச்சுத் தமிழில் அமைந்த பொறம்போக்குப் பாட்டைச் சாஸ்திரீய ராகங்களில் பாடினவர். முந்திய வருஷந்தான் அவருக்கு மகஸேஸே பரிசு கிடைத்திருந்தது. பட்டச் சண்டை நடந்த மாதங்களில் எண்ணூர்க்காரர்களிடம் அபிப்பிராயம் கேட்டுப் பார்த்தோம். அவருக்கு எந்தப் பட்டம் கொடுத்தாலும் சரி, கழிமுகத்தில் இறால் மறுபடி வருமா என்றார்கள்.

இசைவாணிக்கும் புகழ் தனியாக வரவில்லை. 2021-இல் 'பிக் பாஸ்' தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அவர் கலந்துகொண்டார். லண்டன் பட்டியலைக் கேள்விப்படாத வீடுகளும் அதனால் அவரை அறிந்தன. 2024 நவம்பரிலோ வேறுவிதமான புயல். ஸ்திரீகள் கோயிலுக்குள் போவதைப் பற்றிப் பல வருஷங்களுக்கு முன் அந்தக் கோஷ்டியோடு பாடிய ஒரு பாட்டு, பக்தர்கள் மனத்தைப் புண்படுத்தியதென்று போலீஸில் புகார்கள் கொடுக்கப்பட்டன. தமக்கு வரும் வசைகளையும் மிரட்டல்களையும் பற்றி அவரும் புகார் கொடுத்தார். பாட்டு பிடிக்காதவர்கள் பிடிக்கவில்லை என்று சொல்ல உரிமையுடையவர்களே. ஆனால் பத்தொன்பது பேர் கோஷ்டியாகப் பாடிய பாட்டுக்கு வசைச் சொல் மட்டும் அந்த ஒரு பெண்ணின் வீட்டைத் தேடி வந்தது. புகழைப் பங்கு போடும்போது முகம் வாடிய அந்த இளைஞர்கள், இதைச் சொல்லி அன்றைக்கு மிகவும் கோபப்பட்டார்கள். அவர்கள்மீது நமக்கு மதிப்பு உண்டானது அப்போதுதான்.

2020-ஆம் வருஷத்தின் விசித்திரத்தை இன்னும் நாம் சொல்லவில்லை. நோய்க்காலச் சட்டப்படி இறுதிச் சடங்குக்கு இருபது பேருக்கு மேல் கூடலாகாது. ஆகவே இறந்தவனைச் சுற்றி இரவெல்லாம் பாடும் வழக்கம் அந்த மாதங்களில் நின்றுவிட்டது. எத்தனையோ பேர் பாட்டில்லாமல் போனார்கள். அந்தத் தெருக்களில் பந்தல் இல்லை, பெஞ்சு இல்லை, தாளம் இல்லை. சாவு வீட்டிலே பிறந்த கலைக்கு உலகப் பட்டியலில் இடம் கிடைத்த வருஷமும், சாவு வீட்டிலே அந்தக் கலை ஒலிக்காமற் போன வருஷமும் ஒன்றாகவே அமைந்தன. தண்டையார்பேட்டையில் ஒரு முதியவர், கானா இப்போது லண்டனுக்குப் போய்விட்டது, நம் பேட்டைக்கு எப்போது திரும்பும் என்று கேட்டார். அதைப் பகடியாகத்தான் கேட்டார். அவருடைய தமையனார் அந்த ஜூன் மாதந்தான் காலமானார் என்று பிறகு தெரிந்துகொண்டோம்.

திரும்பி வந்தது. கட்டுப்பாடுகள் நீங்கிய பின் பந்தல்களும் வந்தன, பாட்டும் வந்தது. அதே 2020 டிசம்பரில் நீலம் மையத்தார் 'மார்கழியில் மக்களிசை' என்ற உற்சவத்தைத் தொடங்கி, சபாக்களின் மாதத்திலே பறைக்கும் கானாவுக்கும் ஒரு மேடை போட்டார்கள். 2025 ஜனவரியில் மதுரைப் பக்கத்துப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு இந்திய சர்க்கார் பத்மஸ்ரீ விருதை அறிவித்தது. அந்தச் செய்தி இங்கே வந்தபோது நாம் கண்ட மகிழ்ச்சி, லண்டன் பட்டியலுக்கு இருந்ததைக் காட்டிலும் ஆரவாரம் குறைந்தது, நம்பிக்கை அதிகமானது. பறைக்குக் கிடைத்தால் பக்கத்தில் இருக்கும் வாத்தியத்துக்கும் ஒரு நாள் கிடைக்காதா?

சென்ற மாதம் ஓர் இளைஞர் நம் வீட்டுக்கு ஒரு விண்ணப்பத் தாளைக் கொண்டு வந்தார். கலைஞர்களுக்கான ஏதோ ஓர் உதவித்தொகைக்கு மனு. பகலில் துறைமுகத்தில் லாரி ஏற்றுக் கூலி; இரவில் வாத்தியம். பெயர், தகப்பனார் பெயர், விலாசம் எல்லாம் அழகாக எழுதியிருந்தார். வாத்தியத்தின் பெயர் என்ற கட்டத்தை மட்டும் வெறுமையாக விட்டிருந்தார். அதிலே 'சட்டி' என்று எழுதினால் ஆபீஸில் சமையல் பாத்திரம் என்று நினைத்துத் தள்ளிவிடுவார்களோ, வேறு கௌரவமான பெயர் ஏதாவது நாம் சொல்லக் கூடாதா என்று கேட்டார். 'சட்டி' என்றே பெரிய எழுத்தில் எழுதும்படி சொன்னோம். எழுதினார்.